பார்வோன் மகள் கொடுத்த கூலி

“பெற்றவள் பிள்ளையை வளர்க்கட்டும், அரசுக்கு அதில் என்ன வேலை?” என்னும் கேள்வி நம் கத்தோலிக்க இல்லங்களில் அடிக்கடி எழுகின்றது. அன்பியக் கூட்டங்களில் இதைக் கேட்கின்றோம். திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் கேட்கின்றோம். சில வேளைகளில் மறையுரை மேடையிலிருந்தும் கேட்கின்றோம். கேட்ட மாத்திரத்தில் இது பக்தி நிறைந்த பேச்சாகவும், குடும்பத்தின் மேன்மையைக் காக்கும் பேச்சாகவும் தோன்றும். ஆயினும் இப்பேச்சு யாரைக் காக்கின்றது, யாரைக் கைவிடுகின்றது என்று நின்று நிதானித்து எண்ணியவர் சிலரே. வேலைக்குச் செல்லும் ஏழைத் தாயின் குழந்தையைப் பகற்பொழுதில் பாதுகாப்பது, பொதுப்பணத்தைக் கொண்டு செய்யப்பட வேண்டிய பொதுக்கடமை என்பதே நம் துணிபு. குடும்பத்தின் பெயரால் இதை மறுப்போர் உண்மையில் குடும்பத்தின் வேரிலேயே வெந்நீர் ஊற்றுகின்றனர் என்றும் கூறத் துணிகின்றோம்.

முதலில், யாரைப் பற்றிப் பேசுகின்றோம் என்பதில் தெளிவு வேண்டும். கட்டட வேலையில் சித்தாளாகக் கல்லும் மண்ணும் சுமப்பவள், உப்பளத்தில் வெயிலோடு வெயிலாக வெந்து உப்பு வாருபவள், விடியுமுன் மீன்கூடையோடு சந்தைக்கு ஓடுபவள், பனியன் நிறுவனத்தில் பகலெல்லாம் தையல் பொறியின்முன் குனிந்திருப்பவள், நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கி ஐந்தாவதாகத் தன் வீட்டுப் பாத்திரத்தையும் துலக்குபவள்: இவர்களைப் பற்றியே பேசுகின்றோம். இவர்கள் வேலைக்குப் போவது பொழுதுபோக்குக்காகவோ புகழுக்காகவோ அன்று. உலையில் அரிசி விழ வேண்டும் என்பதற்காகவே போகின்றனர்.

இவர்களுடைய குழந்தைகள் பகலில் எங்கே இருக்கின்றனர்? வேலைத் தளத்து மரக்கிளையில் கட்டிய தூளியில் சிலர். பூட்டிய வீட்டுக்குள் சிலர். கண்பார்வை மங்கிய பாட்டியின் மடியில் சிலர். பள்ளியை விட்டு நிறுத்தப்பட்ட பத்து வயது அக்காவின் இடுப்பில் சிலர். அந்தக் கடைசிக் காட்சியைச் சற்று ஊன்றிப் பார்ப்போம். அங்கே ஒரு குழந்தையைக் காக்க இன்னொரு குழந்தையின் எதிர்காலம் செலவிடப்படுகின்றது. ஆறு முதல் பதினான்கு வயது வரை கட்டாய இலவசக் கல்வி என்று 2009-இல் நாட்டின் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. ஆனால், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத வீட்டில் அந்தச் சட்டம் வாசற்படியோடு நின்றுவிடுகின்றது.

பால்வாடி இருக்கின்றதே என்று கேட்பீர்கள். இருக்கின்றது; அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கியது. அதற்கு வித்திட்ட முயற்சிகளுள் ஒன்று, முன்பருவக் கல்வி பற்றி ஆராய 1972-இல் மீனா சுவாமிநாதன் தலைமையில் இயங்கிய குழுவின் அறிக்கை. அவர் தமிழ் எழுத்தாளர் கிருத்திகாவின் மகள். அந்தத் திட்டத்தால் பிழைத்த, வளர்ந்த குழந்தைகள் கோடிக்கணக்கானோர். ஆனால், தமிழ்நாட்டில் இரண்டு வயது நிரம்பிய பிறகே குழந்தை பால்வாடியில் அமர்கின்றது. பிற்பகலில் பால்வாடி மூடிவிடுகின்றது. தாயின் வேலையோ அந்த நேரத்தில் முடிவதில்லை.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அமைப்புசார்ந்த வேலையிலுள்ள பெண்ணுக்கு முதல் இரண்டு மகப்பேறுகளுக்கு 26 வாரங்கள் ஊதியத்தோடு விடுப்பு உண்டு. அதாவது ஆறு மாதம். பால்வாடியோ இரண்டு வயதில்தான் கதவைத் திறக்கின்றது. இடையில் பதினெட்டு மாதங்கள். குழந்தை தவழ்ந்து, எழுந்து, நடந்து, முதற்சொல்லைப் பேசும் காலம் அது. கண் இமைக்கும் நேரத்தில் தண்ணீர்த் தொட்டியிலோ அடுப்பிலோ போய் விழும் காலமும் அதுவே. அந்தப் பதினெட்டு மாதங்களுக்கு யார் பொறுப்பு? ஊதிய விடுப்புப் பெற்ற பெண்ணின் நிலையே இதுவென்றால், இந்நாட்டில் உழைக்கும் பெண்களில் மிகப் பெரும்பாலோரான அமைப்புசாராத் தொழிலாளர்க்கு அந்த ஆறு மாதமும் இல்லை.

சட்டங்கள் இல்லாமற் போகவில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் ஆலைகளில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1951-இல் தோட்டத் தொழிலாளர்க்கும், 1966-இல் பீடித் தொழிலாளர்க்கும், 1996-இல் கட்டடத் தொழிலாளர்க்கும் இத்தகைய ஏற்பாடுகள் எழுதப்பட்டன. 2005-இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலைத் தளத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் இருந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்றது. பழைய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றைத் தொகுத்து 2020-இல் இயற்றப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், ஐம்பது பேர் பணிபுரியும் நிறுவனங்களில் காப்பக வசதி வேண்டும் என்கின்றது. ஆண், பெண் இருபாலரையும் சேர்த்து எண்ணுவது ஒரு வகையில் நன்மையே. பெண்களை மட்டும் எண்ணிய பழைய முறை, முப்பத்தோராவது பெண்ணை வேலைக்கு எடுக்காமலிருக்க முதலாளிக்கு ஒரு காரணத்தை அல்லவா கொடுத்தது!

ஆனால், இச்சட்டங்கள் அனைத்தும் ஒரு முதலாளியைத் தேடுகின்றன. அங்கேதான் முடிச்சு. திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றுபவளுக்கு ஆலை எங்கே? தெருவில் காய்கறி விற்பவளுக்கு முதலாளி யார்? வீட்டுவேலை செய்பவளின் எசமானி ஐம்பது பேருக்கா வேலை கொடுக்கின்றாள்? ஒப்பந்தக்காரரின் கீழ் ஊர் ஊராகப் பெயரும் சித்தாளின் பெயர் எந்தப் பதிவேட்டில் நிலையாக இருக்கின்றது? முதலாளியின் தலையில் முழுச் சுமையையும் ஏற்றி வைத்துவிட்டு, முதலாளி என்று சுட்டிக்காட்ட ஆளில்லாத கோடிக்கணக்கான பெண்களை மறந்துவிட்ட சட்டங்கள் இவை. இந்த இடைவெளியை நிரப்பும் ஆற்றல் பொதுக் கருவூலத்துக்கு மட்டுமே உண்டு.

கருவூலம் என்ன செய்தது? வேலைக்குச் செல்லும் தாய்மாரின் குழந்தைகளுக்கென 1975 முதல் நடுவண் அரசு தொண்டு நிறுவனங்களுக்கு நிதியுதவி அளித்துவந்தது. 2006-இல் அது இராஜீவ் காந்தி தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டம் என விரிவாயிற்று. 2017-இல் பெயரும் மாறிற்று. நிதிப் பொறுப்பும் மாறிற்று. செலவில் பெரும்பகுதியைத் தாங்கிவந்த நடுவண் அரசு, தன் பங்கை 60 விழுக்காடாகக் குறைத்துக்கொண்டு மீதியை மாநிலங்களின் தோளிலும் தொண்டு நிறுவனங்களின் தோளிலும் சுமத்தியது. பல்லாயிரமாக இருந்த காப்பகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, 2020 மார்ச்சில் நாடு முழுவதிலும் 6,453 மட்டுமே இயங்கின. ஒரு காப்பகத்துக்கு 25 குழந்தைகள் என்று கொண்டால், ஒன்றரை இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட குழந்தைகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயது வரையிலான குழந்தைகள் ஏறத்தாழ 16 கோடி. ஆயிரத்தில் ஒன்றுக்கு இடம்! 2022-இல் ‘பால்னா’ என்ற புதுப் பெயரோடு, அங்கன்வாடிகளிலேயே 17,000 காப்பகங்களை அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. நல்ல தொடக்கம்தான், ஆனால் கடலில் கரைத்த பெருங்காயம். அத்தனையும் திறந்தாலும் ஆயிரத்தில் மூன்று குழந்தைகளுக்குக்கூட இடம் இராது.

இனி மறுப்புரைகளுக்கு வருவோம்.

“குழந்தை தாயின் மடியில் வளர வேண்டும் என்பதல்லவா திருச்சபையின் போதனை?” என்பர். இதைச் சொல்வோர் போதனையின் பாதியை மட்டுமே படித்தவர்கள். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் மனித உழைப்பைப் பற்றிச் சுற்றுமடல் எழுதினார். அதே ஆண்டில் குடும்பத்தைப் பற்றியும் ஊக்கவுரை மடல் எழுதினார். வறுமையின் நெருக்கடியால் தாய்மார் வீட்டுக்கு வெளியே வேலைக்குத் துரத்தப்படலாகாது என்பது அவர் போதனை. உண்மை. ஆனால், அதைச் சொன்ன இடத்தில் அவர் தாயைக் குறைகூறவில்லை. சமூகத்தை நோக்கியே கைநீட்டினார். குடும்பத்தைத் தாங்கும் அளவுக்கு ஊதியம் கொடுங்கள்; இல்லையேல் குடும்ப உதவித்தொகை போன்ற சமூக ஏற்பாடுகளைச் செய்யுங்கள் என்றார். 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய நாள் முதல் நம் திருச்சபை கேட்டுவருவது இந்த நேர்மையான ஊதியத்தையே.

ஆகவே, தாய் வீட்டில் இருக்க வேண்டும் என்று போதிப்பவர், அந்த வீட்டின் தலைவனுக்குக் குடும்ப ஊதியம் கிடைக்க என்ன செய்தார் என்பதை முதலில் சொல்லட்டும். கணவனை இழந்தவளுக்கு யார் ஊதியம் தருவது? குடிகாரக் கணவனால் கைவிடப்பட்டவளுக்கு யார் தருவது? கூலியும் கொடாமல், காப்பகமும் கொடாமல், “வீட்டில் இரு” என்ற அறிவுரையை மட்டும் கொடுப்பது, பசித்தவனிடம் குளிர்காய்ந்து பசியாறிப் போய்வா என்று சொல்லியனுப்புவதற்கு ஒப்பாகும். அத்தகைய நம்பிக்கை செத்தது என்று யாக்கோபு எழுதிய மடல் நம் எல்லாருக்கும் தெரியும். அதே இரண்டாம் யோவான் பவுல் தந்தையரின் கடமையைப் பற்றியும் எழுதியுள்ளார் என்பதை, தாயை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றுவோர் நினைவிற் கொள்வாராக.

சற்றுக் கற்றறிந்தவர் வேறொரு மறுப்பை எடுத்துவருவர். “சிறிய அமைப்பு செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளலாகாது என்று திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1931-இல் போதிக்கவில்லையா? குடும்பத்தின் பணியை அரசு எடுத்துக்கொள்வது அக்கோட்பாட்டுக்கு முரணன்றோ?” என்பர். துணைநிலைக் கோட்பாடு என்று நாம் சொல்லும் இதன் இலத்தீன் மூலச்சொல்லுக்குத் ‘துணை’, ‘உதவி’ என்பதே பொருள். சிறியதைப் பெரியது விழுங்கக்கூடாது. அதேவேளையில் சிறியது தள்ளாடும்போது பெரியது கைகட்டி நிற்கவும் கூடாது. அரசு குழந்தையை எடுத்துக்கொள்ளட்டும் என்று யார் கேட்டார்? செலவை ஏற்றுக்கொள்ளட்டும் என்றே கேட்கின்றோம். பணமும் தர விதிகளும் அரசிடமிருந்து வரட்டும். நடத்துகின்ற கை, அவ்வூர்த் தாய்மார் குழுவினுடையதாக, கூட்டுறவுச் சங்கத்தினுடையதாக, தொண்டு நிறுவனத்தினுடையதாக இருக்கட்டும். மாலையில் குழந்தை தன் தாயின் இடுப்புக்கே திரும்புகின்றது. இதில் பறிப்பு எங்கே இருக்கின்றது?

விடுதலைப் பயண நூலின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அடிமை வேலையில் நசுங்கிய இனத்தைச் சேர்ந்த தாயொருத்தி, மூன்று மாதம் ஒளித்துவைத்த பிள்ளையை நாணற் பேழையில் வைத்து ஆற்றோரம் விடுகின்றாள். தம்பிக்கு என்ன நேருமோ என்று தொலைவில் நின்று காத்திருப்பவள் அக்கா. அன்றும் அக்காதான்! பார்வோனின் மகள் குழந்தையைக் கண்டெடுக்கின்றாள். அவள் அப்பிள்ளையின் தாயையே செவிலியாக அழைத்து, வளர்த்துக் கொடு, நான் கூலி தருகின்றேன் என்று ஒப்பந்தம் செய்கின்றாள். மோசே வளர்ந்தது அரண்மனைப் பணத்தில். அந்தப் பணத்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலிருந்த உறவு அறுந்ததா? அந்தப் பணமல்லவா அவ்விருவரையும் ஒன்றாக வைத்தது! ஒரு குழந்தை பிழைக்க மூன்று பெண்கள் வேண்டியிருந்தனர். அவர்களுள் ஒருத்தி கையில் அரண்மனையின் பணப்பை இருந்தது. கடவுள் தம் மக்களின் விடுதலைக்கு அந்தப் பணப்பையையும் பயன்படுத்தத் தயங்கவில்லை.

இந்த நிகழ்வு நமக்கு மற்றொன்றையும் கற்பிக்கின்றது. குழந்தையை வளர்ப்பதும் ஓர் உழைப்பு. அதற்குக் கூலி உண்டு. ஆகவே, தன் கைக்குழந்தையோடு வீட்டில் இருக்க விரும்பும் ஏழைத் தாய்க்கு உதவித்தொகை தருவதும், வேலைக்குப் போகும் தாய்க்குக் காப்பகம் தருவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டும் ஒரே நீதியின் இரண்டு கைகள். 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மகளிருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை தொடங்கப்பட்டபோது, பெண்ணின் வீட்டுழைப்புக்கு மதிப்பு உண்டு என்பதை அரசே ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதலை அதன் முடிவு வரை கொண்டுசெல்லுங்கள் என்பதே நம் கோரிக்கை.

“அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது?” என்பது மூன்றாவது மறுப்பு. 1956-இல் பெருந்தலைவர் காமராசர் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தபோதும், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தபோதும் இதே கேள்வி கேட்கப்பட்டது. பிள்ளைக்குச் சோறிடுவது பெற்றவர் கடமையல்லவா என்றும் அன்று கேட்டார்கள். இன்று அப்படிக் கேட்க யாருக்காவது நா எழுமா? சத்துணவால் தமிழ்நாடு ஏழையாகிவிடவில்லை, பள்ளிக்கூடங்கள் நிரம்பின. காப்பகமும் அத்தகையதே. ஒரு காப்பகம் திறந்தால் தாயின் கூலி வீட்டுக்கு வருகின்றது. அக்கா பள்ளிக்குப் போகின்றாள். குழந்தை வேளைக்கு உண்டு உறங்குகின்றது. ஒரே செலவில் மூன்று பேர் நிமிர்கின்றனர். இதை வீண்செலவு என்பவர், எதைத்தான் நற்செலவு என்பார்?

எனினும், எப்படியாவது ஒரு கொட்டகை போட்டால் போதும் என்று நாம் சொல்லவில்லை. கனடா நாட்டின் கியூபெக் மாநிலம் 1997-இல் நாளொன்றுக்கு ஐந்து டாலர் கட்டணத்தில் குழந்தைகள் காப்பகத்தைப் பொதுப்பணத்தால் நடத்தத் தொடங்கியது. தாய்மார் பெருந்தொகையில் வேலைக்குச் சென்றனர், அது வெற்றி. ஆனால், இடத்துக்காக நீண்ட காத்திருப்பும் ஏற்பட்டது. எல்லாக் காப்பகங்களின் தரமும் ஒன்றாக இல்லை. குழந்தைகள் சிலரிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் மிகுந்ததாக ஆய்வாளர் எழுதினர். இதிலிருந்து, காப்பகமே வேண்டாம் என்னும் முடிவுக்கு வருவோர் உண்டு. நாம் பெறும் பாடம் வேறு. மலிவான கட்டணம் தாய்க்கு வேண்டும். மலிவான கவனிப்பு குழந்தைக்கு ஆகாது.

கவனிப்பின் தரம், கவனிப்பவளின் கூலியைப் பொறுத்தது. 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி காப்பகப் பணியாளருக்கு மாதம் 3,000 ரூபாய், உதவியாளருக்கு 1,500 ரூபாய் என்று இருந்தது; அதுவும் ஊதியமன்று, ‘மதிப்பூதியம்’ என்று பெயர். நாள் முழுவதும் இருபத்தைந்து குழந்தைகளைக் கழுவி, ஊட்டி, உறங்கவைப்பவளுக்கு நாளொன்றுக்கு நூற்றுச்சொச்சம் ரூபாய் கொடுத்துவிட்டு, அதற்கு ‘மதிப்பு’ என்று பெயரிட்டது தமிழுக்குச் செய்த அவமதிப்பு. அங்கன்வாடிப் பணியாளர்க்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. ஏழைத் தாயின் குழந்தையைக் காக்க இன்னொரு ஏழைத் தாயை வஞ்சிக்கும் திட்டம் நீதியின் திட்டமாகாது. வேலைக்காரருடைய கூலியைப் பிடித்துவைப்போரின் செயல் விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் என்னும் மறையுண்மை அரசுக்கும் பொருந்தும்.

எனவே, நாம் கேட்பது இவையே. ஆறு மாதம் முதலே குழந்தையை ஏற்கும் காப்பகங்கள் வேண்டும். அவை அலுவலகக் கடிகாரத்தைப் பாராமல், தாயின் வேலை நேரத்தைப் பார்த்துத் திறந்திருக்க வேண்டும். குடியிருப்புக்கோ வேலைத் தளத்துக்கோ நடந்து செல்லும் தொலைவில் இருக்க வேண்டும். 1969-இல் தில்லியில் மீரா மகாதேவன் கட்டடத் தொழிலாளரின் குழந்தைகளுக்காக வேலைத் தளத்திலேயே காப்பகம் தொடங்கி, இது இயலும் என்று காட்டியிருக்கின்றார். பணியாளருக்குப் பயிற்சியும் நேர்மையான ஊதியமும் வேண்டும். செலவில் பெரும்பங்கை நடுவண் அரசு மீண்டும் ஏற்க வேண்டும்.

அரசிடம் கேட்கும் வாய், நம்மிடமும் கேட்க வேண்டும். நம் மறைமாவட்டங்களின் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் பணிபுரியும் இளந்தாய்மார் எத்தனை பேர்! ஐம்பது பேர் பணிபுரியும் நம் நிறுவனம் ஒவ்வொன்றிலும் காப்பகம் உள்ளதா? சட்டத்துக்காக மட்டுமல்ல, சான்றுக்காகவும் அது வேண்டும். ஞாயிறும் திருமண நாளும் தவிரப் பூட்டிக்கிடக்கும் பங்கு மண்டபங்கள் நம்மிடையே ஏராளம். குழந்தைகளைத் தம்மிடம் வரவிடாமல் தடுத்த சீடர்மீது ஆண்டவர் சினங்கொண்டார் என்று மாற்கு எழுதுகின்றார். பூட்டிய மண்டபத்தின் சாவி யாரிடம் இருக்கின்றதோ, அவர் அந்த நற்செய்திப் பகுதியை ஒருமுறை வாசிக்கட்டும். ஆனால், மண்டபத்தைத் திறந்துவிட்டதால் அரசின் கடமை தீர்ந்ததாக யாரும் எண்ண வேண்டாம். நம் ஈகை, அரசின் நீதிக்கு ஈடாகாது.

பொதுநிலையினராகிய உங்கள் கையில் ஒரு கருவி இருக்கின்றது. ஆண்டுதோறும் மே முதல் நாள் தமிழ்நாட்டின் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகின்றது. தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவென்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-இல் ஏற்படுத்திய நாளும் அதுவே. காலையில் திருப்பலி கண்டவர்கள், அன்றே கிராம சபைக்கும் செல்லுங்கள். எங்கள் ஊரில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் இத்தனை பேர், வேலைக்குச் செல்லும் தாய்மார் இத்தனை பேர், காப்பகம் ஒன்றுமில்லை என்று கணக்கோடு எழுந்து பேசுங்கள். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதன்பின் கையெழுத்திடுங்கள். நாட்டின் கருவூலம் தானாகத் திறப்பதில்லை. தட்டுகின்ற கைகள் ஒன்றிரண்டாக இருந்தால் அதன் காதில் விழுவதுமில்லை.